பாக்கு மரத்துச் சுண்ணாம்பு

எங்கள் தோட்டத்தில் வெயிலுக்குப் பயந்து முதலில் சுண்ணாம்பு பூசிக்கொண்டவை பாக்கு மரங்கள். அடுத்தது நான். மரங்களுக்கு அது நன்றாகவே பலித்தது.

கேரளா என்றால் மழை, படகு, பச்சைப் பசேல் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் ஊர் எருத்தேன்பதியில் இறங்கினால் பஸ் மாறி ஏறிவிட்டோமோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். பங்குனி பிறந்துவிட்டால் கணவாய்ப் பக்கமிருந்து ஒரு வறட்டுக் காற்று வரும். மத்தியானத்தில் நாய்கூட ரோட்டைக் கடக்க யோசிக்கும். தென்னை ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் இளம் பாக்கு அப்படியில்லை. சாயங்கால வெயில் மேற்கிலிருந்து சாய்வாக அடித்தால் தண்டு முதலில் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகி வெடிக்கும், அடுத்த ஆடிக் காற்றில் சரியாக அந்த இடத்தில் முறிந்து விழும். அதற்காகத்தான் அப்பா கோடைக்கு முன்னால் தண்டுகளின் மேற்குப் பக்கத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார். அந்த வருஷம் கோடை மழை ஏமாற்றிவிட்டதால் வைகாசியில் இன்னொரு தடவையும் அடித்தார்.

அதே வைகாசியில்தான் மாமாவுக்குக் கல்யாணம். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த ஒரே தம்பி. தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அம்மா கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சீரோடு சீராக அவரும் வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்து, அப்பா வாங்கிக் கொடுத்த வண்டியில் பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் கேலிதான். அவர் சொல்வதில் எது நிஜம் எது பொய் என்று பெரியவர்களுக்கே பிடிபடாது. எனக்கு ஒன்பது வயது. எனக்கு எங்கே பிடிபடப்போகிறது?

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவனுடைய சகோதரி உட்கார வேண்டும். சும்மா இல்லை, கல்யாணப் பெண் மாதிரி பட்டு உடுத்தி, நகை போட்டு, தலை நிறையப் பூ வைத்து உட்கார வேண்டும். ஒரு சேலையின் ஒரு தலைப்பு அவனிடம் இருக்கும், மறு தலைப்பு அவள் கையில் இருக்கும். இனி இன்னொருத்தி வந்தாலும் உன்னை விட்டுவிடமாட்டேன் என்று ஊரறிய அண்ணனோ தம்பியோ சொல்கிற மாதிரி ஒரு சடங்கு. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஊர்க்கண் மொத்தமும் சகோதரி மேல்தான் இருக்கும்.

அம்மாவுக்கு அந்தக் கல்யாணம் என்றால் இணைச்சீர்தான். பொள்ளாச்சிக்குப் போய் அரக்கு நிறத்தில் பட்டு எடுத்திருந்தாள். மேல்கையில் போடுகிற வங்கியை ஒரு சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, வங்கியைப் போட்டுக் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்து, "நல்லா இருக்குதா சாமி?" என்றாள். நான் நன்றாக இருக்கிறது என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

அம்மாவின் கை இரண்டு நிறம். காட்டு வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொள்வாள். தலையில் தோர்த்துத் துண்டைக் கட்டிக்கொள்வாள். தக்காளி பறிக்கிறபோது சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிடுவாள். அதனால் முழங்கைக்குக் கீழே ஒருத்தி, மேலே வேறொருத்தி. வெயிலுக்காக அவள் செய்துகொண்ட பந்தோபஸ்து அந்தச் சட்டையும் தோர்த்தும்தான். இப்போதெல்லாம் கோடை வந்தால் ஃபோனே வெயில் எச்சரிக்கை கொடுக்கிறது. கோயமுத்தூரில் ஆபீசுக்குக் கிளம்பும் முன் நான் முகத்துக்கும் கைக்கும் சன்ஸ்கிரீன் தடவாமல் வாசல் தாண்டுவதில்லை. போன வருஷம் அம்மாவுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். "இனி எனக்கெதுக்கு சாமி? வெயிலு பண்றதெல்லாம் பண்ணிருச்சு" என்று அலமாரியில் வைத்தவள் இன்னும் மூடியைத் திறக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

தன் தோலைப் பற்றித்தான் அவளுக்கு அக்கறையில்லையே தவிர, தம்பியின் தோலை அந்த மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட்ட பிறகு மாப்பிள்ளை வெயிலில் இறங்கக்கூடாது. வண்டி ஓட்டக்கூடாது. தோப்புக்குப் போனாலும் நிழலில் கட்டிலைப் போட்டு உட்கார வேண்டும். அம்மா தக்காளிக் காட்டுக்கு நடுவில் உச்சி வெயிலில் நின்றுகொண்டு, வாயருகே கையைக் குவித்துக் கத்துவாள்.

"டேய் தம்பி, நெழலுக்கு வாடா! கறுத்துப் போயித் தொலையாத. நாளைக்கு சனம் பூரா உன்ற மூஞ்சியத்தான் பாக்கும்!"

மாமா கட்டிலில் வெள்ளரிக்காய் தின்றுகொண்டே, "பொண்ணு ஊட்ல எம்பட மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னாங்க, இனி கறுத்தா என்ன, வெளுத்தா என்ன" என்பார். ஆனாலும் காலை இன்னும் கொஞ்சம் நிழலுக்குள் இழுத்துக்கொள்வார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே அத்தை வந்து இறங்கினார். அப்பாவுக்கு அக்கா, அம்மா நங்கையா என்று கூப்பிடுகிற நாத்தனார். வாழ்க்கைப்பட்டது சாந்தன்பாறையில், அங்கே மாமனார் வீட்டுக்கு ஏலத்தோட்டம். அத்தை மகளுக்கும் என் வயதுதான். ஏலக்காட்டு நிழலில் வளர்ந்தவள், தொட்டால் சிவந்துவிடுவாள் போல இருந்தாள். எங்கள் ஊர் வெயில் பட்டு முதல் நாளே கன்னம் இரண்டும் கன்றிப்போனது. அத்தை பதறிப்போய்ப் பெட்டியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, வெள்ளையாக, கெட்டியாக எதையோ கையில் ஊற்றி அவளுக்கு முகம், கழுத்து, கை என்று பூசிவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கும் ஒரு சொட்டு கிடைக்கும் என்று ஆசை. கிடைக்கவில்லை. அத்தை என் கையைப் பிடித்து, அவளுடைய கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்மிணி, பொட்டப்புள்ளைய இப்புடி வெயில்ல உட்டிருக்கறயே?" என்றார் அம்மாவிடம். "இன்னுங் கொஞ்ச நாள் போச்சுன்னா உன்னையாட்டவே ஆயிரும் பாத்துக்க."

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சமும் கோபமில்லாமல் சிரித்தாள்.

"ஆனா ஆகட்டுங் நங்கையா. என்ற புள்ள என்னையாட்டத்தானுங் இருக்கும்" என்றாள்.

அம்மாவைப் போல ஆவது ஒரு ஆபத்து என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். குளிக்கும்போது கையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். அத்தை மகள் பக்கத்தில் உட்கார வேண்டிவந்தால் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன். கல்யாண வீட்டில் வீடியோக்காரர் வருவார், எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நிற்க வைப்பார் என்று நினைத்தாலே, அப்போது கையை எங்கே ஒளிப்பது என்று கவலையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தோப்பில் சுண்ணாம்பு வேலை. இரும்பு டிரம்மில் கரைத்து, நார் மட்டையால் ஆட்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா கட்டிலில் படுத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். நான் அவரிடம் போய், மரத்துக்கு எதற்கு இது என்று கேட்டேன்.

"வெயிலுக்குத் தாங்கோணுமல்லொ. இது மரத்துக்குப் போடற கிரீமு."

"மனுசருக்குப் போட்டா?"

மாமா எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

"அட, உனக்குத் தெரியாதா? உங்கத்தை புட்டியில வெச்சுக்கிட்டு யாருக்குங் குடுக்காம பெருமை பண்ணுதே, அது என்னன்னு நெனச்ச? இதுதான். சாந்தன்பாறையில வாசம் போட்டு விக்கறாங்க. நீயும் நல்லாப் பூசிட்டு வெயில்ல நில்லு. பொழுதோட உங்கத்தை புள்ள உன்னப் பாத்துப் பொறாமைப்படும்."

ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வகுப்பில் நான் முதல் ரேங்க் வாங்குகிறவள். இதுவும் வெள்ளை, அதுவும் வெள்ளை. இதுவும் வெயிலுக்கு, அதுவும் வெயிலுக்கு. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இணைச்சீர் அன்று மத்தியானமே வீட்டு வாசல் பந்தல் நிறைந்துவிட்டது. கொல்லங்கோட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஒறம்பரை வந்து இறங்கியது. எங்கள் பக்கம் விருந்தாளி சொந்தத்துக்கு அதுதான் பேர். எல்லாரும் வடையும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அத்தை மகளுக்கு ரோஸ் கலரில் கவுன் போட்டு அலங்காரம் நடந்தது. மறுபடியும் அந்தப் புட்டி. நான் பின்வாசல் வழியாக நழுவி மோட்டார் ரூமுக்குப் போனேன். டிரம்மில் அடியில் மிச்சம் இருந்தது, களி மாதிரி கெட்டியாக.

பூசியதும் குளுகுளுவென்றுதான் இருந்தது. முகம், கழுத்து, இரண்டு கை, முழங்கால் வரை இரண்டு கால் என்று ஒன்றையும் விடவில்லை. அப்புறம் தோப்புக்கு வெளியே திறந்த இடத்தில் போய், மரங்களுக்கு அடித்திருந்த மாதிரியே மேற்குப் பார்த்து நின்றேன். சாய்ந்த வெயில் நேராக மூஞ்சியில் அடித்தது. அடிக்கட்டும் என்று இருந்தேன். இத்தனை நாள் பட்ட வெயிலையெல்லாம் சுண்ணாம்பு உறிஞ்சி எடுத்துக்கொண்டிருப்பதாக எனக்குள் ஒரு நினைப்பு.

முதலில் தோல் இழுத்துப் பிடித்தது. பிறகு அரித்தது. பிறகு, கடவுளே, எரிய ஆரம்பித்தது. மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்த மாதிரி உடம்பு முழுக்க எரிச்சல். துடைத்தால் இன்னும் எரிந்தது. அம்மா என்று அலறிக்கொண்டு ஓடினேன். போனதுதான் போனேன், வந்த வழியாகப் பின்வாசலுக்குப் போயிருக்கக்கூடாதா? நேராக முன்வாசலுக்கு, பந்தலுக்கு நடுவில் போய் நின்றேன்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கொல்லங்கோட்டுப் பெரியவர் ஒருவர், "ஏனுங், சோளக்காட்டுப் பொம்மை எந்திரிச்சு நடந்து வந்துருச்சுங்!" என்றார். அவ்வளவுதான். பந்தலே குலுங்கியது. வடை புரையேறி ஒரு பாட்டி இருமினார். அத்தை மகள் ரோஸ் கவுனோடு வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா பட்டு வேட்டியில் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்தவர், எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தார். என்ன நடந்தது என்று அவருக்குத்தானே தெரியும். நான் கையை உதறிக்கொண்டு, "எரியுது மாமா" என்று கத்தியபோதுதான் அவர் சிரிப்பு நின்றது. அப்படியே செத்துவிட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு. எரிச்சலைவிட அந்தச் சிரிப்புதான் அதிகமாக எரிந்தது.

அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை, நெற்றிச்சுட்டி, கையில் வங்கி. அதுவரை நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. பந்தலில் இருந்தவர்களும் பார்த்ததில்லை. இரண்டு மூன்று பேர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பந்தலை ஒட்டியிருந்த தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனாள். பட்டுச் சேலை முழுக்கச் சுண்ணாம்பு அப்பியது.

வாளியால் மொண்டு மொண்டு என் மேல் ஊற்றினாள். பின்னாலேயே அத்தை வந்தார், நாலைந்து பெண்களும் வந்தார்கள்.

"பட்டுச்சேலை நாசமாப் போகுது, நீ தள்ளும்மிணி, நான் ஊத்தறன்" என்றார் அத்தை.

"இருக்கட்டுங் நங்கையா" என்று சொல்லிவிட்டு அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள். வெள்ளை கரைந்து போகப் போக, கீழே தோல் தக்காளியாகச் சிவந்திருந்தது. எரிச்சல் கொஞ்சம் அடங்கி, அழுகை விக்கலாக மாறியது. அத்தை என் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினார். பாவம், அவர் நல்ல மனசோடுதான் கேட்டார்.

"ஏன் கண்ணு, இந்தக் கருமத்த எதுக்கு எடுத்துப் பூசுன?"

பதில் என் வாயில் தயாராக இருந்தது. ஒரு வாரமாக அதையேதானே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து சொல்வதுபோல, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தெளிவாகச் சொன்னேன்.

"எங்கம்மாளாட்ட ஆகக்கூடாதுன்னு."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். "அட, பொடுசு பேசறதப் பாருங்களே" என்றாள் இன்னொருத்தி. பந்தலில் இதைக் கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குச் சொன்னார்கள், அங்கே ஒரு சிரிப்பு எழுந்தது. அத்தை மட்டும் என் மோவாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எனக்கும் ஒரு சந்தோஷம், இந்தத் தடவை சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை என்று. யாரைப் பார்த்து என்று நான் யோசிக்கவில்லை. இன்றைக்கு இதை எழுதும்போது எனக்குக் காது மடல் சுடுகிறது. எங்கேயாவது போய் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அம்மாவின் கையில் வாளி அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் மொண்டாள்.

"கண்ண மூடிக்க சாமி. உள்ள போயிரும்" என்றாள்.

குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. துவட்டிவிட்டு, முகத்துக்கும் கை காலுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, வேறு பாவாடை போட்டுவிட்டாள். அதற்குள் சீர் செய்து வைக்கிற பெரியவர் வெளியிலிருந்து, "நேரமாகுதுங், அக்காளைக் கூப்புடுங்" என்று குரல் கொடுத்தார். சேலை மாற்ற நேரமில்லை. அம்மா சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, கொசுவத்தைப் பிழிந்து உதறிக்கொண்டு, அந்த ஈரச் சேலையோடே போய் மாமாவுக்குப் பக்கத்தில் மணையில் உட்கார்ந்தாள்.

நான் முன்வரிசையில் எண்ணெய் வழிகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா முந்தானையைச் சுற்றி இழுத்து, இரண்டு தோளையும் இரண்டு கையையும் விரல் நுனி வரைக்கும் போர்த்திக்கொண்டிருந்தாள். வைகாசிப் புழுக்கம். பந்தலுக்குள் ஆண்கள் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மணைக்கு எதிரே ஒரு பெரிய ஸ்டாண்டு ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். "அக்கா, முந்தானையக் கொஞ்சம் எறக்கி உடுங்க. வங்கி தெரிய மாட்டேங்குது."

"பரவால்லீங். இருக்கட்டும்" என்றாள் அம்மா.

பெரியவர் சேலைத் தலைப்பைக் கொடுத்தபோது போர்வைக்குள்ளிருந்து விரல்கள் மட்டும் வெளியே வந்து வாங்கிக்கொண்டன. மாமா பக்கவாட்டில் அவளைப் பார்த்தார். "என்னக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஒண்ணுமில்லடா. நேராப் பாரு, படம் புடிக்கறாங்க" என்றாள். அவளுடைய கீழுதடு நடுங்கியது. கன்னத்தில் ஏதோ வழிந்துகொண்டே இருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான்தான் கெட்டிக்காரியாயிற்றே. எனக்குத் தண்ணீர் ஊற்றப் போய் அம்மா முழுக்க நனைந்துவிட்டாள், தொட்டித் தண்ணீர் இன்னும் தலையிலிருந்து சொட்டுகிறது, ஈரச் சேலையில் அந்த ஃபேன் காற்று வேறு நேராக அடிக்கிறது, அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை. எழுந்து, கால்களுக்கு நடுவில் புகுந்து போய், தூணில் இருந்த சுவிட்சை எட்டி அணைத்தேன். ஃபேன் மெல்ல நின்றது. பந்தல் முழுக்க ஒரு முனகல் எழுந்தது.

அத்தை வேகமாக வந்தார். "ஏன் கண்ணு நிறுத்துன? வெந்து சாகறோம், போடு."

"வேண்டாங் அத்தை. எங்கம்மாளுக்குக் குளுருது" என்றேன்.

அத்தை மணையைத் திரும்பிப் பார்த்தார். சுவிட்சுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அங்கிருந்து என்னைப் பார்த்தாள். போர்த்தியிருந்த முந்தானையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு அடையாளமாக அவளுக்கு ஒரு தலையாட்டு ஆட்டினேன். பிறகு, வேறு யாரும் வந்து ஃபேனைப் போட்டுவிடாதபடி, சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு சீர் முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.